மோதலை ஏஐ காட்டட்டும்; விலக வேண்டியது எது என்பதை நீங்கள் சொல்லுங்கள்

கட்டடம், ஸ்ட்ரக்சர் (தூண், பீம்), ஏசி, பிளம்பிங் என்று ஆளுக்கொன்றாகத் தரும் மாடல்களை, அதாவது கணினியில் வரைந்த முப்பரிமாண வடிவங்களை, ஒன்றாகச் சேர்த்து, எங்கே எது இடிக்கிறது என்று நேவிஸ்வொர்க்ஸ் போன்ற மென்பொருள்கள் பல ஆண்டுகளாகவே காட்டி வருகின்றன. இப்போது ஏஐ அந்தப் பட்டியலை வகை பிரிக்கிறது; ஒரே மோதல் பத்து முறை எண்ணப்பட்டிருந்தால் ஒன்றாக்குகிறது. இதற்கு அதைத் தாராளமாக நம்பலாம். எதை நகர்த்துவது என்பதையும் அதனிடமே விடும்போதுதான் வம்பு.

கழிவுநீர்க் குழாய் ஒன்று 1:60 வாட்டத்தில் (சரிவில்) 6 மீட்டர் ஓடுகிறது. அதாவது 100 மி.மீ. இறங்க வேண்டும். கீழ்முனையில் ஏசி காற்று போகும் டக்ட் இடிக்கிறது. குழாயின் அந்த முனையை 50 மி.மீ. தூக்கச் சொல்கிறது ஏஐ. திரையில் மோதலைக் காட்டும் சிவப்பு மறைந்துவிடும், வாட்டமோ பாதியாகி 1:120 ஆகிவிடும். டக்ட்டைத் தட்டையாக்கலாம், வளைக்கலாம், காற்று அதன் வழியே போய்ச் சேர்ந்துவிடும். கழிவுநீருக்கு வாட்டம் வேண்டும் என்பது எந்தக் கொத்தனாருக்கும் தெரியும்.

அடுத்த தவறு, 'மோதல் பூஜ்யம்' என்ற அறிக்கையைப் பார்த்து நிம்மதியாவது. 1981 ஜூலையில் அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டி ஹயாட் ரீஜென்சி ஹோட்டலில் தொங்கு நடைபாலங்கள் இடிந்து 114 பேர் இறந்தார்கள். மேல்பாலத்தையும் கீழ்பாலத்தையும் ஒரே நீளக் கம்பி தாங்குவதாக இருந்த வடிவமைப்பை, வேலை எளிதாகட்டும் என்று இரண்டு கம்பிகளாக மாற்றியிருந்தார்கள். கீழ்பாலத்தின் பாரமும் மேல்பாலத்தின் இணைப்பில் ஏறி, அங்கே சுமை இரட்டிப்பானது. அந்த மாற்றத்தை இன்றைய மாடலில் வைத்துப் பாருங்கள்: எதுவும் எதையும் இடிக்காது. பொறுப்பான பொறியாளர்கள் மிசௌரி மாநில உரிமத்தை இழந்தார்கள். பீமில் துளை போட்டுக் குழாயைக் கடத்தலாம் என்று ஏஐ பரிந்துரைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கம்பிதான் நினைவுக்கு வரும். ஸ்ட்ரக்சுரல் பொறியாளரின் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் இல்லாமல் பீமைத் தொடக்கூடாது.

மாடலில் வரையாதது ஏஐக்குத் தெரியாது. வால்வைத் திருப்பக் கை நுழையுமா, ஃபில்டரைக் கழற்ற ஏணி போட இடம் உண்டா என்பதெல்லாம் பெரும்பாலும் மாடலில் இருப்பதில்லை. போன வாரத்து மாடலைக் கொடுத்தாலும் அதே மிடுக்கோடு பதில் சொல்லும்.

ஒருங்கிணைப்புக் கூட்டக் குறிப்பில் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் எதிரே, அதை ஏற்றுக்கொண்ட ஆளின் பெயர் இருக்க வேண்டும். 'மென்பொருள் பரிந்துரை' என்று மட்டும் எழுதி வரும் குறிப்புகளை நான் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.