வீட்டு வானோடு வன்னியில் ஓடாமல் நிற்கும் நாட்கள்

படுக்கையும் காஸ் அடுப்பும் பூட்டிய எங்கள் பழைய ஹையேஸுக்குப் பிள்ளைகள் வைத்த பேர் வீட்டு வான். வெளிநாட்டில் இருந்து வருகிற சொந்தக்காரர் மோட்டார்ஹோம் என்பார்கள், அங்கே அதற்கென்றே முகாம்கள், கரண்ட் இணைப்பு, கழிவு ஊற்ற இடம் எல்லாம் உண்டாம். இலங்கையின் வடக்கில் இருக்கிற எங்கள் வன்னியில் அதை எதிர்பார்த்து வராதீர்கள். இங்கே இருப்பது குளக்கட்டு, கோயில் வீதி, மரியாதையாகக் கேட்டால் வளவுக்குள் விடுகிற சனம்.

நிறையப் பேர் செய்கிற பிழை, வவுனியாவில் ஏறி ஏ9 வீதியால் நேரே ஓடுவது. முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, ஒரு சரை கச்சான் வாங்கிக்கொண்டு, யாழ்ப்பாணம் போய்த்தான் மூச்சு விடுவார்கள். மூன்று நாள் பயணம் என்றால் ஒரு நாள் முழுக்க வானை அசைக்காமல் வன்னியில் விடுங்கள், திறப்பைக் கழற்றி யாரிடமாவது கொடுத்துவிட்டால் இன்னும் நல்லது.

நிற்கப் போகிற இடத்தைப் பின்னேரம் 3 மணிக்கு முன் பிடித்துவிட வேண்டும். மார்கழியில் 6 மணி தாண்டினால் இருட்டு, ஆடியிலும் ஒரு அரை மணித்தியாலம்தான் கூட. இருட்டினபிறகு சூடு ஆறாத தார் ரோட்டில் மாடுகள் படுத்திருக்கும், ஒட்டுசுட்டான், நெடுங்கேணி பக்கத்துக் காட்டு ரோடுகளில் யானையும் நிற்கும். இராவில் இடம் தேடி ஓடுகிற வேலையே வேண்டாம். இடம் பிடித்ததும் பக்கத்து வீட்டில் போய், "அக்கா, இதிலை ஒரு இரவு வானை விடலாமோ? கிணத்திலை ரெண்டு வாளி தண்ணி அள்ளலாமோ?" என்று கேளுங்கள். கேட்காமல் நின்றால் நாய் குரைக்கும், கேட்டு நின்றால் தேத்தண்ணி வரும். குடிக்கிற தண்ணீரை மட்டும் கடையில் கானாக வாங்குங்கள், கனக்க இடத்தில் கிணறு உவர்.

வைகாசிக்கும் புரட்டாதிக்கும் இடையில் வந்தால் சோளகம் பிய்த்தெறியும். அது தென்மேற்கில் இருந்து அடிக்கிற காற்று. வானின் முதுகை அந்தப் பக்கம் காட்டி, கதவு இருக்கிற மற்றப் பக்கத்தில் தறப்பாளைக் கட்டுங்கள். வெளி ஓரத்தை இடுப்பளவுக்குத் தாழ்த்திவிட்டால் காற்று உள்ளே புகுந்து தூக்காது. தறப்பாள் கட்ட எங்களுக்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை, இடம்பெயர்ந்த காலத்தில் படித்தது. மாரியில் வந்தால் வேறு பிரச்சினை. ஒருமுறை நான் குளத்தின் கீழ்ப்பக்கம் புல் பச்சையாக இருக்கிறதே என்று இறக்கினேன், விடிய எழும்பிப் பார்த்தால் பின் சில்லு பாதி களிக்குள் போயிருந்தது. வயலுக்குப் போன உழவு மெசின்காரர் ஒருவர் வடம் போட்டு இழுத்துவிட்டார், காசு வாங்கவில்லை, "தம்பி, மாடு நிக்கிற இடத்திலை நில்லும், மாடு நிக்காத இடத்திலை நிக்காதையும்" என்றுவிட்டுப் போனார். அதற்குப் பிறகு மாடு படுத்த அடையாளம் பார்த்துத்தான் நிறுத்துகிறேன்.

பகலில் செய்ய ஒன்றும் இல்லை என்பதுதான் அந்த நாளின் அழகு. கோடையில் விதைக்கிற சிறுபோக நெல்லுக்குத் தண்ணீர் திறந்திருந்தால் வாய்க்காலில் குளியுங்கள், குளத்துக்குள் இறங்க வேண்டாம், முதலை இருக்கும். எந்தத் துறையில் ஊர்ச்சனம் குளிக்கிறதோ அங்கேதான் நீங்களும். பாலைப்பழக் காலம் என்றால் ரோட்டோரத்தில் மஞ்சள் மஞ்சளாக வைத்து விற்பார்கள். சின்னப் பழம், தேன் மாதிரி இனிப்பு, நாலைந்து தின்றதும் பால் பட்டு மேலுதடும் கீழுதடும் ஒட்டிக்கொள்ளும். தேங்காய் எண்ணெய் தொட்டுத் தடவினால் விடும். காட்டுக்குள் நீங்களே பறிக்கப் போகாதீர்கள். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை இருக்கிற பக்கம் மூத்திரத்துக்குக் கூட ஒதுங்கக் கூடாது, பலகை இல்லாவிட்டாலும் சனம் நடக்கிற ஒற்றையடிப் பாதையை விட்டு விலகாதீர்கள். கண்ணிவெடி அகற்றுகிற வேலை இன்னும் முடியவில்லை.

பின்னேரம் வெளிக்கிட நல்ல நேரம் 4.30. வானை விட்டுவிட்டு ஓட்டோவில் போங்கள். கிளிநொச்சிப் பக்கம் நின்றால் இரணைமடுக் குளம். குளக்கட்டில் ஏறி நடந்தால் ஒரு பக்கம் கடல் மாதிரித் தண்ணீர், மற்றப் பக்கம் கீழே வயல், இடையில் காற்று. முறிகண்டிக் கச்சான் மிச்சம் இருந்தால் அங்கே தீர்த்துவிடலாம். முல்லைத்தீவுக் கடற்கரை கிழக்குப் பார்த்தது, அங்கே சூரியன் கடலில் விழுவதைப் பார்க்க நின்றால் ஏமாறுவீர்கள், அதை விடியத்தான் பார்க்க வேண்டும். பொழுதுபட வட்டுவாகல் பக்கம் வந்தால் நந்திக்கடல் முழுக்கச் சிவந்து கிடக்கும். ஆனால் பாட்டுப் போட்டு ஆடுகிற இடம் அது இல்லை, பக்கத்தில் முள்ளிவாய்க்கால். 2009 போரில் அங்கே ஆட்களை இழந்த குடும்பங்கள் சுற்றிவர இருக்கின்றன. பேசாமல் நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.

வைகாசியில் வந்தால் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலை விடாதீர்கள், கடல்நீர் அள்ளி வந்து விளக்கெரிக்கிற கோயில். அன்றைக்கு வானைக் கிட்டக் கொண்டுபோக ஏலாது, தூர விட்டு நடக்க வேண்டும். மடு மாதா கோயிலுக்குப் போவதென்றால் ஓகஸ்ட் 15 திருவிழாவைத் தவிர்த்துச் சாதாரண நாளில் போங்கள், காட்டுக்கு நடுவில் அந்த அமைதி திருவிழாக் கூட்டத்தில் கிடைக்காது.

இராச் சாப்பாட்டுக்கு ரவுணில் கொத்து அடிக்கிற சத்தம் கேட்கிற கடைக்குப் போகலாம். எனக்கென்றால் வானடியில் சோறு வைப்பதுதான் விருப்பம், பூநகரிப் பக்கம் போனால் மொட்டைக்கறுப்பன் அரிசி வாங்கி வாருங்கள், குளத்து மீன் குழம்புக்கு அதுதான் சரி. சமைத்து முடிந்ததும் சட்டி பானையைக் கழுவி, மிச்சச் சோற்றை வளவுக்காரரின் நாய்க்கு வைத்துவிடுங்கள். காட்டோரம் நின்றால் வாழைப்பழம், அரிசி, உப்பு ஒன்றும் வானுக்குள் வைத்துக்கொண்டு படுக்காதீர்கள், யானைக்கு மணம் பிடிபடும். எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டி அந்த அக்கா வீட்டுக் குசினியில் கொடுத்துவிட்டு, விடியத் தேத்தண்ணியோடு வாங்கிக்கொள்ளலாம்.