முட்டையை எண்ணி மீன்வளத்தைக் கணக்கிடுவது எப்படி?

கடலில் எவ்வளவு நெத்திலி இருக்கிறது? ஒரு நாளில் இடப்பட்ட மொத்த முட்டைகளை, ஒரு கிராம் மீனுக்கு நாளொன்றுக்கு எத்தனை முட்டை என்ற எண்ணால் வகுத்தால் விடை வந்துவிடும். கலிபோர்னியாக் கடலோர நெத்திலிக்காக 1980 வாக்கில் உருவான இம்முறைக்குத் தினசரி முட்டை உற்பத்தி முறை என்று பெயர்.

1. முட்டை சேகரிப்பு. முட்டையிடும் பரப்பு முழுவதும் கட்டம் போட்டதுபோல் நிலையங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் 25 செ.மீ. வாயுள்ள சிறு வலையை 70 மீட்டர் ஆழம் வரை இறக்கி, நேராக மேலே இழுக்க வேண்டும். கிடைத்ததை ஃபார்மலினில் போடுங்கள். முட்டையே கிடைக்காத நிலையங்கள் வரும் வரை தொடர்ந்து போங்கள். எல்லை தெரியாவிட்டால் பரப்பளவு தவறிவிடும்.

2. வயது பிரித்தல். நுண்ணோக்கியில் நெத்திலி முட்டை நீள்வட்டமாகத் தெரியும். மத்தி முட்டை உருண்டை. கருவின் வளர்ச்சி நிலையையும் நீரின் வெப்பநிலையையும் வைத்து வயதைக் கணிக்கலாம். முட்டைகள் மணிக்கு மணி அழிவதால், வயது கூடக் கூட எண்ணிக்கை குறையும். அந்தச் சரிவைப் பின்னோக்கி நீட்டினால், இட்ட நொடியில் எத்தனை இருந்தன என்பது கிடைக்கும்.

3. தாய்மீன். அதே நாட்களில் இழுவலையில் மீனும் பிடிக்க வேண்டும். பெண் மீனின் சராசரி எடை, எடையில் பெண்களின் பங்கு, ஒரு தடவைக்கு இடும் முட்டைகள், நேற்றிரவு முட்டையிட்ட பெண்களின் விகிதம் ஆகியவை தேவை.

4. கணக்கு. எளிய எண்களில் பார்ப்போம். சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 100 முட்டை, பரப்பு 10,000 சதுர கி.மீ. என்றால் மொத்தம் 1 லட்சம் கோடி முட்டை. 20 கிராம் பெண் மீன் ஒரு தடவைக்கு 10,000 முட்டை இடுகிறது, அதாவது கிராமுக்கு 500. பெண்கள் பாதி, ஒரு நாளில் முட்டையிடுபவை அவற்றில் ஐந்தில் ஒன்று. 500 × 0.5 × 0.2 = 50. வகுத்தால் 2,000 கோடி கிராம், அதாவது 20,000 டன்.

அந்த 0.2-ஐ 0.1 என்று தவறாக எடுத்தால் விடை 40,000 டன் ஆகிவிடும்! முட்டை எண்ணுவதில் காட்டும் அக்கறையை இங்கேயும் காட்டுங்கள். முட்டை வெளியேறிய பிறகு சினைப்பையில் வெற்று உறைகள் ஓரிரு நாள் எஞ்சியிருக்கும். சினைப்பையிலிருந்து மெல்லிய சீவல் எடுத்துச் சாயமேற்றினால் அவை தெரியும்; எந்தப் பெண் மீன் அண்மையில் முட்டையிட்டது என்பதை அவை காட்டிக்கொடுக்கும். இன்றிரவு முட்டையிடத் தயாரான பெண்களை மட்டும் நம்பாதீர்கள். அந்த நேரத்தில் அவை வலையில் அளவுக்கு மீறி சிக்கும். நேற்றும் முந்தாநாளும் இட்டவற்றை வைத்து விகிதம் போடுவதே பாதுகாப்பு.