ஸ்டாஃப் ரூமில் ஒருவர் தளர்ந்துபோனால் நாம் என்ன செய்யலாம்?

எப்போதும் கலகலப்பாக இருந்த டீச்சர் கொஞ்ச நாளாக ஸ்டாஃப் ரூம் பக்கமே வருவதில்லை, சாப்பாட்டைக்கூட வகுப்பிலேயே முடித்துக்கொள்கிறார், ஒன்றுமில்லாத விஷயத்துக்குப் பிள்ளைகள்மேல் எரிந்து விழுகிறார் என்றால் "வீட்டில் ஏதோ பிரச்சினை போல" என்று விட்டுவிடாதீர்கள். நம் ஆட்கள் அழுதுகொண்டே வந்து சொல்ல மாட்டார்கள். அடிக்கடி போடும் சி.எல். (தற்செயல் விடுப்பு), ஓயாத தலைவலி, திருத்தாமல் குவிந்து கிடக்கும் நோட்டுகள், ஞாயிறு சாயங்காலம் ஆனாலே வயிற்றைப் பிசைகிறது என்ற பேச்சு, இப்படித்தான் வேலைச் சோர்வு வெளியே தெரியும்.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் தன் நோய் வகைப்பாட்டின் 11-ஆம் பதிப்பில் இந்த வேலைச் சோர்வை நோயாக வைக்கவில்லை. சரிவரக் கையாளப்படாத நீண்ட நாள் பணி அழுத்தத்தின் விளைவு என்றே எழுதியது. உடம்பில் தெம்பே இல்லாத களைப்பு, வேலைமேல் வரும் கசப்பும் ஒதுக்கமும், என்ன செய்தும் ஒன்றும் ஆகவில்லை என்ற எண்ணம் ஆகிய மூன்றும்தான் அதன் அடையாளம். காரணம் வேலையில் இருக்கும்போது மருந்தும் வேலையிலிருந்துதான் தொடங்க வேண்டும். அதனால்தான் சனிக்கிழமை வரச்சொல்லி மூச்சுப் பயிற்சி நடத்துவதில் எனக்கு நம்பிக்கை இல்லை, அந்தச் சனிக்கிழமையை விட்டுக்கொடுத்தாலே பாதி பேருக்கு மூச்சு வரும்.

முதலில் பேசுங்கள். நாலு பேர் முன்னால் வேண்டாம், பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும்போதோ பிள்ளைகள் போன பிறகோ பேசுங்கள். "டீச்சர், கொஞ்ச நாளா நீங்க நீங்களா இல்ல. சொல்லணும்னு கட்டாயம் இல்ல, சொல்லணும்னு தோணினா என்கிட்ட சொல்லுங்க" என்றால் போதும். "எல்லாருக்கும்தான் கஷ்டம்", "கவர்மெண்ட் சம்பளம், உங்களுக்கு என்ன குறை" என்ற இரண்டு வாக்கியங்களையும் தயவுசெய்து வாயிலிருந்து எடுத்துவிடுங்கள், அதைக் கேட்டவர் அதற்கப்புறம் உங்களிடம் எதையும் சொல்ல மாட்டார். செத்துப்போகலாம் போலிருக்கிறது என்ற மாதிரி ஏதாவது சொன்னால் பேச்சை மாற்றாதீர்கள். அப்படி எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் அவரைத் தனியே விடக் கூடாது. வீட்டில் ஒருவருக்குச் சொல்லி, அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள், அவசரம் என்றால் 108.

பேசிய பிறகு ஒரு வேலையை அவர் தலையிலிருந்து இறக்குங்கள். "ஏதாவது உதவி வேணுமா" என்று கேட்டால் எல்லோரும் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். "இந்த மாசம் உங்க வகுப்பு எமிஸ் பதிவை நான் போட்டுடறேன்", "பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத் தீர்மானத்தை நான் எழுதறேன்" என்று வேலையின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள் (எமிஸ் என்பது மாணவர் விவரங்களைப் பதிவேற்றும் கல்வித் துறை இணையதளம்). பாடம் நடத்திக் களைத்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. பாடம் நடத்த விடாமல் வந்து விழும் பதிவேற்றமும் படிவமும் உதவித்தொகைக்கான வங்கிக் கணக்கு அலைச்சலும்தான் ஆளை உருக்குகின்றன.

தலைமையாசிரியர்களுக்குத்தான் இதில் பெரிய பங்கு. யாரிடம் என்னென்ன கூடுதல் வேலை இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள், மறுக்கத் தெரியாத இரண்டு பேர் தலையிலேயே எல்லாம் இருக்கும். கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 27-ஆவது பிரிவு, பத்தாண்டுக்கொரு முறை வரும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் பணி தவிர வேறு கல்விசாரா வேலைக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது. இந்த விலக்குகளே கனமானவைதான், வாக்குச்சாவடி நிலை அலுவலராக வாக்காளர் பட்டியலுக்கு வீடு வீடாக அலைபவருக்கு அந்த வாரங்களிலாவது பதிலிப் பீரியட் (வராத ஆசிரியரின் வகுப்பு) போடாதீர்கள். தேர்ச்சி விழுக்காட்டை எல்லோர் முன்னாலும் பெயர் சொல்லி வாசிக்காதீர்கள். மேலே ஆய்வுக் கூட்டத்தில் நீங்கள் வாங்கிய திட்டை அப்படியே கீழே இறக்காமல் இருப்பதும் நீங்கள் செய்யும் பெரிய உதவி. இரவு எட்டு மணிக்கு மேல் வாட்ஸ்அப் குழுவில் "உடனே அனுப்பவும்" வேண்டாமே.

2025 செப்டம்பர் 1 அன்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இன்னொரு பாரம். எட்டாம் வகுப்புவரை நடத்தும் ஆசிரியர்களில், ஏற்கெனவே பணியில் இருந்து ஓய்வுக்கு 5 ஆண்டுக்கு மேல் இருப்பவர்களும் 2 ஆண்டுக்குள் ஆசிரியர் தகுதித் தேர்வில் (டெட்) தேர்ச்சி பெற வேண்டும் என்றது அது. இருபது வருடம் பாடம் எடுத்தவர்களுக்கு இது பயத்தோடு அவமானமாகவும் இருக்கிறது. "நீங்க ஈஸியா பாஸ் பண்ணிடுவீங்க" என்ற ஆறுதலைவிட, பாடவாரியாகப் பிரித்துக்கொண்டு வாரம் ஒரு நாள் சேர்ந்து படிப்பது மேல். உளவியல் பகுதியை அண்மையில் பி.எட். முடித்த இளையவர்கள் சொல்லிக்கொடுக்கலாம்.

ஈராசிரியர் பள்ளி என்றால் ஸ்டாஃப் ரூமே கிடையாது, அங்கே தனிமைதான் முதல் பிரச்சினை. பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் பார்ப்பவர்களில் ஒருவரையாவது வாரம் ஒரு முறை போனில் பிடியுங்கள். தனியார் பள்ளியில் நிலைமை வேறு, அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொண்டு கோடையில் சேர்க்கைக்கு வீடு வீடாக அனுப்பும் நிர்வாகத்திடம் மனம் சரியில்லை என்று சொல்வது வேலைக்கே ஆபத்தாகலாம், அங்கே வெளியில் உள்ளவரிடம் முதலில் பேசச் சொல்லுங்கள்.

தூக்கம், பசி, எதிலும் பிடிப்பு என எல்லாமே இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டிருந்தால் நண்பர்கள் பேசினால் மட்டும் போதாது. 14416 என்பது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 2022 அக்டோபரில் தொடங்கியது, இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். நேரில் பார்க்க மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு இருக்கிறது. வெளியே தெரிந்துவிடும் என்று தயங்குபவரிடம், சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைத்திருப்பது மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 தரும் உரிமை என்று சொல்லுங்கள். முதல் முறை நீங்களும் கூடப் போங்கள், ஓ.பி. சீட்டு வாங்கும் வரிசையில் தனியாக நிற்க முடியாமல் திரும்பி வந்துவிடுபவர்கள் உண்டு.

விடுப்பு முடிந்து வரும்போது "என்ன ஆச்சு, எங்கே போனீங்க" என்று சுற்றிக்கொள்ளாதீர்கள். முதல் இரண்டு வாரம் அவருக்குப் பதிலி வகுப்பு வேண்டாம், அடங்காத வகுப்பு எது என்று உங்களுக்கே தெரியும், அதன் கடைசிப் பீரியடை வேறு யாராவது எடுத்துக்கொள்ளுங்கள். மாத்திரை சாப்பிடுகிறார் என்று தெரிந்தால் அது உங்களோடு இருக்கட்டும், அலுவலக உதவியாளர்வரை போக வேண்டியதில்லை.