சம்பா நெல்லுக்கு எருவும் யூரியாவும்: ஓர் ஏக்கருக்கு இணைத்து இடும் முறை

தொழுவுரம் இடுபவர்களில் பலர் அதை உரக்கணக்கில் சேர்ப்பதே இல்லை. வண்டி வண்டியாக எருவடித்துப் பரப்பிய பிறகும், பக்கத்து வயல்காரர் எத்தனை மூட்டை யூரியா போடுகிறாரோ அத்தனை மூட்டையைத் தாமும் போடுகிறார்கள். பயிர் கரும்பச்சையாகத் தழைத்து, இலைச்சுருட்டுப் புழுவுக்கும் குலைநோய்க்கும் இடங்கொடுத்து, கடைசி மழையில் சாய்ந்துவிடுகிறது. எரு தரும் சத்தை மூட்டைக் கணக்கிலிருந்து கழித்துக்கொண்டால்தான் இணைத்து இடுவதில் பயன் உண்டு. காவிரிப் படுகையில் சம்பாப் பட்டத்தில் நடப்படும் மத்திய கால நெல்லை எடுத்துக்கொண்டு அந்தக் கணக்கைப் பார்ப்போம்.

கோடையிலேயே மண் மாதிரி எடுத்துக் கொடுத்துவிடுவது நல்லது. வரப்போரம், மரநிழல், எருக்குவியல் கிடந்த இடம் ஆகியவற்றைத் தவிர்த்து, பத்துப் பதினைந்து இடங்களில் ‘வி’ வடிவக் குழி வெட்டி, 15 செ.மீ. ஆழம் வரை பக்கவாட்டு மண்ணைச் சுரண்டி எடுத்துக் கலந்து, பகுத்துக் குறைத்து, அரை கிலோவை நிழலில் உலர்த்திக் கொடுத்தால் போதும்.

எரு ஏக்கருக்கு 5 டன் வேண்டும். அளவைவிட அது மக்கியிருப்பதே முக்கியம். குவியலின் நடுவில் கையை விட்டு ஒரு பிடி எடுத்துப் பாருங்கள். சூடாக இருந்தாலோ, சாண நாற்றம் அடித்தாலோ, வைக்கோல் துண்டுகள் கண்ணுக்குத் தெரிந்தாலோ அது இன்னும் எருவாகவில்லை. மக்காத குப்பையைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் தமக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்வதால், நட்ட நாற்று சில வாரங்களுக்கு மஞ்சளாக நிற்கும். ஒரு வருடம் எங்கள் வயலில் அப்படி நின்றபோது, பதறிப்போய் யூரியாவை அள்ளி வீசினோம். குப்பை மக்கியதும் பிடித்துவைத்த சத்தும் வீசிய சத்தும் ஒன்றாக வெளிப்பட்டு, பயிர் வேண்டாத நேரத்தில் தழைத்தது. அவசரப்பட்டது எங்கள் தவறுதான். நன்கு மக்கிய எருவைக் கடைசி உழவுக்கு முன் பரப்பி, அன்றே மடக்கி உழ வேண்டும்; குவியல் குவியலாக வெயிலில் காயவிட்டால் தழைச்சத்து காற்றோடு போய்விடும்.

எரு கிடைப்பது அரிதாகிவிட்ட ஊர்களில், பச்சையாகவே மடக்கி உழும் பசுந்தாள் பயிரான தக்கைப்பூண்டே கைகொடுக்கும். ஏக்கருக்கு 20 கிலோ விதையை ஆடியில் விதைத்தால், ஆவணிக் கடைசிக்குள் 45 நாள் ஆகிப் பூ வரத் தொடங்கும். அப்போதே மடக்கி உழ வேண்டும், தண்டு முற்றினால் மக்கத் தாமதமாகும். எவ்வளவு தழை கிடைத்தது என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. ஒரு சதுர மீட்டர் இடத்தில் அறுத்து எடைபோட்டு, 4,000-ஆல் பெருக்கினால் ஏக்கர் கணக்கு வந்துவிடும். சதுர மீட்டருக்கு 600 கிராம் கிடைத்தாலே ஏறத்தாழ இரண்டரை டன்.

மண் பரிசோதனை முடிவு கைக்கு வராத நிலையில், மத்திய கால நெல்லுக்கு ஏக்கருக்குத் தழைச்சத்து 60, மணிச்சத்து 20, சாம்பல் சத்து 20 கிலோ என்பது பொதுப் பரிந்துரை. தழைச்சத்து முழுவதையும் யூரியாவாகவே கொடுத்தால் 130 கிலோ, அதாவது 45 கிலோ மூட்டையில் ஏறக்குறைய மூன்று. தொழுவுரத்தில் தழைச்சத்து சுமார் 0.5 சதவீதம், 5 டன்னில் 25 கிலோ இருந்தாலும், முதல் பட்டத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே பயிருக்குக் கிடைக்கும் என்று கொண்டால் 8 கிலோ. இரண்டரை டன் தக்கைப்பூண்டில் 15 கிலோ அளவு இருக்கும். பாதி கிடைத்தால் 7 கிலோ. இரண்டையும் இட்ட வயலில் மொத்தம் 15 கிலோ, அதாவது 60 கிலோவை நான்கு சம தவணைகளாகப் பிரித்தால் அவற்றில் ஒன்று. ஆகவே அடியுரமாக, அதாவது நடவுக்கு முன் இடும் முதல் தவணை யூரியாவான 33 கிலோவை விட்டுவிடலாம். முதல் வருடமே இதற்கு மேல் குறைப்பது சரியல்ல. இலங்கையில் 2021-இல் ரசாயன உரத்தை ஒரேயடியாகத் தடைசெய்து, சில மாதங்களில் அந்தத் தடையைத் திரும்பப் பெற நேர்ந்ததை நாம் பார்த்திருக்கிறோம்.

மணிச்சத்துக்கு 125 கிலோ சூப்பர் பாஸ்பேட்டை (சூப்பர்) முழுவதும் அடியுரமாக இடலாம். சூப்பருக்குப் பதில் டிஏபி (டைஅம்மோனியம் பாஸ்பேட்) போடுபவர்கள், ஒரு மூட்டையில் 23 கிலோ மணிச்சத்தோடு 9 கிலோ தழைச்சத்தும் இருப்பதை மறந்துவிடுகிறார்கள். அதையும் கழிக்க வேண்டும். சாம்பல் சத்துக்கான பொட்டாஷ் 33 கிலோவைத் தவணைகளாகப் பிரித்து இட வேண்டும். துத்தநாக சல்பேட் 10 கிலோ என்பது வழக்கம். பசுந்தாள் மடக்கிய வயலுக்கு 5 கிலோ போதும். அதை மணலோடு கலந்து நடவுக்கு முன் தூவலாம், சூப்பரோடும் டிஏபியோடும் மட்டும் கலக்கக் கூடாது. உயிர் உரங்களான அசோஸ்பைரில்லத்தையும் பாஸ்போபாக்டீரியாவையும் 10 கிலோ பொடி எருவில் கலந்து தனியாகத் தூவ வேண்டும். ரசாயன உரத்தோடு ஒரே கூடையில் கலந்தால் அந்த உயிர்கள் பிழைக்கா.

எஞ்சிய மூன்று தவணை யூரியா, தூர் கட்டும்போதும் கதிர் உருவாகும்போதும் கதிர் வெளிவரும்போதும் இட வேண்டியவை. நாளைவிட இலையைப் பார்த்து இடுவதே எனக்குச் சரியாகப் படுகிறது. நட்ட 14-ஆம் நாள் முதல் வாரம் ஒருமுறை, காலையில், உங்கள் நிழல் இலைமேல் விழும்படி நின்று, பத்துச் செடிகளில் உச்சியில் முழுதும் விரிந்த இலையை, வெளிர் பச்சை முதல் கரும்பச்சை வரை எண்ணிட்ட நிறங்கள் கொண்ட இலை வண்ண அட்டையோடு ஒப்பிடுங்கள். பத்தில் ஆறு இலைகளோ அதற்கு மேலோ 4-ஆம் நிறத்தைவிட வெளுத்திருந்தால் (வெள்ளைப் பொன்னிக்கு 3-ஆம் நிறம்) யூரியா இடலாம். இல்லாவிட்டால் அடுத்த வாரம் பார்க்கலாம். எரு நன்றாக வேலைசெய்யும் வயலில் ஒரு தவணை தள்ளிப்போவதை அட்டையே காட்டிவிடும். யூரியா வீசும்போது வயலில் நீர் சீராக, மிகக் குறைவாக இருக்கட்டும்.

அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன் ஈரத்தில் தெளிக்கும் உளுந்துக்குத் தனி அடியுரம் தேவையில்லை. நெல்லுக்கு இட்டதன் மிச்சமே அதற்குப் போதும். பூக்கும்போது ஒருமுறையும் 15 நாள் கழித்து ஒருமுறையும் 2 சத டிஏபி கரைசல் தெளித்தால் சரி. அதற்கு 4 கிலோ டிஏபியை முந்தின இரவே ஊறவைத்து, மறுநாள் தெளிந்த நீரை மட்டும் இறுத்து, 200 லிட்டராக்கி, மாலை வேளையில் தெளிக்க வேண்டும்.