வடசென்னை மாணவர் ஆப்பிரிக்க வேளாண் பொருளாதாரத்தைக் கற்கத் தொடங்குவது எப்படி?

விதை, உரம், நீர் பற்றிச் சொல்ல வேளாண் விஞ்ஞானிகள் இருக்கிறார்கள். உரத்தின் பயன் தெரிந்தும் விவசாயி ஏன் அதை வாங்குவதில்லை, விலை அடிமட்டத்தில் இருக்கும்போதே விளைச்சலை ஏன் விற்றுவிடுகிறார் என்று ஆராய்வது வேளாண் பொருளாதார அறிஞரின் வேலை. வண்ணாரப்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ பொருளாதாரம் படிக்கும் ஒருவர், இங்கிருந்தபடியே அந்த வேலையைப் பழகத் தொடங்கலாம்.

முதலில் ஒரே ஒரு பயிரைத் தேர்ந்தெடுங்கள். துவரை நல்ல தேர்வு. இந்தியா இறக்குமதி செய்யும் துவரையில் பெரும்பகுதி மொசாம்பிக், தான்சானியா, மலாவி போன்ற நாடுகளிலிருந்து வருகிறது. மொசாம்பிக் விவசாயிகள் பெரும்பாலும் இந்தியச் சந்தையை நம்பியே அதைப் பயிரிடுகிறார்கள். 2016இல் துவரை இறக்குமதிக்காக இரு நாடுகளும் ஒப்பந்தம் செய்துகொண்டன; மறு ஆண்டே இந்தியாவில் விளைச்சல் பெருகி விலை சரிந்ததால் மத்திய அரசு துவரை இறக்குமதிக்கு வரம்பு விதித்தது. ஒப்பந்த அளவுக்கு விலக்கு இருந்தும், மொசாம்பிக் கிராமங்களில் விலை படுத்துவிட்டது. ஆகவே, அங்குள்ள ஒரு வேளாண் திட்டத்தை மதிப்பிடுபவர் டெல்லியின் அறிவிப்புகளையும் கூடவே படிக்க வேண்டும்.

அடுத்து அளவைகளைப் பழகுங்கள். ஒரு நாள் விடியலில் காசிமேட்டுக்குச் சென்று, ஒரு கூடை மீன் ஏலம் போகும் விலையையும், அதே மீன் கூறு கட்டி விற்கப்படும் விலையையும் குறித்துக்கொண்டு, இரண்டையும் கிலோ விலைக்கு மாற்றிப் பாருங்கள். கூறின் எடை கைக்குக் கை மாறுவதால் இது எளிதாக இராது. மேற்குக் கென்யாவில் மக்காச்சோளத்தை ‘கொரோகொரோ’ எனப்படும், சுமார் இரண்டு கிலோ கொள்ளும் தகர டப்பாவால் அளப்பார்கள். குவித்து அளந்தார்களா, தலைதட்டி அளந்தார்களா என்று கேட்காமல் எழுதிய கணக்கு எதற்கும் உதவாது. காசிமேட்டில் படகுக்கு முன்பணம் கொடுத்தவர் யார் என்றும் விசாரியுங்கள். விலையைத் தீர்மானிப்பவர் யார் என்பது பாதி அங்கேயே தெரிந்துவிடும்.

தரவுக்குக் கவலையில்லை. எத்தியோப்பியா, நைஜீரியா, மலாவி, உகாண்டா உள்ளிட்ட நாடுகளில் உலக வங்கியின் துணையுடன் நடந்த குடும்பக் கணக்கெடுப்புகளை இணையத்தில் இலவசமாகப் பெறலாம்.

பிறகு, நடந்த ஆய்வுகளை நிதானமாகப் படியுங்கள். கென்யாவின் பூசியா பகுதியில் எஸ்தர் டுஃப்ளோ, மைக்கேல் கிரெமர், ஜொனாதன் ராபின்சன் ஆகிய பொருளாதார அறிஞர்கள், அறுவடை முடிந்து கையில் காசு புழங்கும் நாட்களில் மட்டும், முழு விலை கொடுத்து வாங்கும் உரத்தைக் கொண்டுவரும் கூலி இல்லாமல் வீட்டுக்கே கொண்டுவந்து தருவதாக விவசாயிகளிடம் சொன்னார்கள். 2011இல் வெளியான முடிவின்படி, இந்தச் சிறு சலுகை, பின்னர் உரத்தைப் பாதி விலைக்குக் கொடுப்பதற்கு ஈடான பலனைத் தந்தது. மேற்குக் கென்யாவிலேயே நடந்த மற்றோர் ஆய்வு இன்னும் நுட்பமானது. அறுவடைக் காலத்தில் கடன் கிடைத்த விவசாயிகள் மக்காச்சோளத்தை உடனே விற்காமல் இருப்பு வைத்து, விலை ஏறிய பின் விற்று லாபம் கண்டார்கள். ஆனால் ஒரே வட்டாரத்தில் பலருக்குக் கடன் கிடைத்தபோது, சந்தையில் பருவத்துக்குப் பருவம் இருந்த விலை வேறுபாடே சுருங்கி, கடன் வாங்காதவர்களுக்கும் அதன் பயன் போய்ச் சேர்ந்தது, வாங்கியவர்களின் லாபம் குறைந்தது. கடன் பெற்றவர்களை மட்டும் எண்ணுகிற அறிக்கையில் இது அகப்படவே அகப்படாது. என் கணிப்பில், இத்துறையின் தனிப் பங்களிப்பே இப்படிச் சந்தை முழுவதையும் சேர்த்துப் பார்ப்பதுதான்.

பரிந்துரை எழுதும்போது செலவை மறைக்காதீர்கள். மலாவி 2005இல் விரிவாகத் தொடங்கிய உர, விதை மானியம் மக்காச்சோள விளைச்சலைக் கூட்டியது உண்மை; வேளாண்மைக்கான அரசு நிதியில் பெரும்பங்கை அதுவே விழுங்கியதும் உண்மை.

பட்டப்படிப்பு முடிந்ததும் வேளாண் பொருளாதாரத்தில் முதுகலை சேருங்கள். ஹைதராபாத் அருகே பட்டான்சேருவில் உள்ள இக்ரிசாட் என்ற சர்வதேசப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம் துவரை, சோளம், கம்பு, நிலக்கடலை ஆகியவற்றில் இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பணியாற்றுகிறது. பயிற்சி வாய்ப்பை முதலில் அங்கே கேட்டுப் பார்க்கலாம். மொசாம்பிக்கில் வேலை செய்ய எண்ணுபவர் போர்த்துகீசியத்தை இப்போதே கற்கத் தொடங்குவது நல்லது.