ஒரு லட்சம் மோதல்களில் இசட் போசானைத் தேடுவது எப்படி?

ஜெனீவா பக்கத்தில் உள்ள சேர்ன் ஆய்வகத்தில் 2010இல் நடந்த புரோட்டான் மோதல்களின் தரவு உங்கள் லேப்டாப்பிலேயே இறங்கும். கட்டணமும் இல்லை, அனுமதிக் கடிதமும் வேண்டாம். மோதல்களில் தெறிக்கும் துகள்களை அளக்கும் சிஎம்எஸ் கருவியின் குழு அதை 2014 நவம்பரில் சேர்ன் ஓப்பன் டேட்டா போர்ட்டலில் வெளியிட்டது. "துகள் இயற்பியலில் எங்கிருந்து தொடங்குவது சார்?" என்று கேட்டு வரும் எம்எஸ்சி மாணவர்களுக்கு நான் முதலில் கொடுக்கும் வேலை, இந்தத் தரவில் இசட் போசான் என்ற துகளைத் தேடுவதுதான்.

போர்ட்டலின் தேடல் பெட்டியில் டைமியூவான் என்று ஆங்கிலத்தில் அடித்து, 2010 தரவிலிருந்து எடுத்த சிஎஸ்வி கோப்பை இறக்குங்கள். அதில் ஒரு லட்சம் நிகழ்வுகள் இருக்கும், வரிசைக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் இரண்டு மியூவான்கள் (எலக்ட்ரானைப் போன்ற, ஆனால் அதைவிடக் கனமான துகள்கள்). ஒவ்வொரு மியூவானுக்கும் ஆற்றல், உந்தத்தின் மூன்று கூறுகள், மின்சுமை. பைதான் தெரிந்தால் கூகுள் கோலாபில் பாண்டாஸ் நூலகம் போதும். தெரியாவிட்டால் லிப்ரே ஆபீஸ் கால்க் போதும், ஒரு லட்சம் வரிசையை அது தாங்கும்.

கடைசியில் எம் என்று ஒரு பத்தி இருக்கும். மாறா நிறையை, அதாவது இரண்டு மியூவான்களும் ஒரே துகளிலிருந்து வந்திருந்தால் அதற்கு இருக்கும் நிறையை, ஏற்கெனவே கணக்கிட்டு வைத்திருக்கிறார்கள். அதை இப்போதைக்கு மறைத்துவிடுங்கள். அதை அப்படியே வரைந்தால் படம் வரும், ஆனால் கண்டுபிடித்தவர் நீங்களாக இருக்க மாட்டீர்கள்.

கணக்கு இவ்வளவுதான்: இரண்டு ஆற்றல்களையும் கூட்டி வர்க்கப்படுத்துங்கள். எக்ஸ், ஒய், இசட் திசைகளில் உந்தங்களைத் தனித்தனியே கூட்டி, ஒவ்வொரு கூட்டுத்தொகையையும் வர்க்கப்படுத்தி, மூன்றையும் முதல் எண்ணிலிருந்து கழியுங்கள். மீதிக்கு வர்க்கமூலம் எடுத்தால் நிறை, ஜிகா எலக்ட்ரான்வோல்ட்டில் (சுருக்கமாக ஜெவ்). முதலில் கூட்ட வேண்டும், பிறகுதான் வர்க்கம். இந்த வரிசையைத்தான் பலர் மாற்றிவிடுகிறார்கள். இசட் போசான் பிறந்த இடத்திலேயே சிதைந்துவிடும், கருவியை எட்டாது. ஆனால் ஆற்றலும் உந்தமும் அழியாமல் மியூவான்களிடம் போய்ச் சேர்கின்றன. அதனால்தான் இந்தக் கணக்கு பலிக்கிறது. இப்போது மறைத்த பத்தியைத் திறந்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்து, இசட்டுக்கு மின்சுமை இல்லாததால், எதிரெதிர் மின்சுமை கொண்ட ஜோடிகளை மட்டும் பிரித்தெடுங்கள். ஒரே மின்சுமை கொண்டவற்றைத் தூக்கிப் போடாதீர்கள், தேவைப்படும்.

சரி, இனி ஹிஸ்டோகிராம், அதாவது எந்த நிறையில் எத்தனை ஜோடிகள் என்று காட்டும் படம். 2 முதல் 110 ஜெவ் வரை, 1 ஜெவ் அகலப் பெட்டிகளில், செங்குத்து அச்சை லாக் அளவில் வைத்து வரையுங்கள். மூன்று வகைத் துகள்கள் மேடுகளாகத் தெரியும்: 3க்கு அருகே ஜே/சை, 9.5 பக்கம் அப்சைலான், 91இல் இசட். 1974, 1977, 1983 என்று வெவ்வேறு ஆண்டுகளில் கண்டுபிடிக்கப்பட்டவை ஒரே படத்தில் நிற்கும்.

என் மாணவி ஒருத்தி இதைப் பார்த்துவிட்டு, "அப்சைலான் மூன்று என்று படித்தோமே, ஒரு மேடுதானே தெரிகிறது?" என்றாள். மிக நல்ல கேள்வி. பெட்டி அகலம் 1 ஜெவ் இருக்கும்போது 9.46, 10.02, 10.36 ஜெவ் நிறையுள்ள அந்த மூன்றும் பிரியாது. 8.5 முதல் 11 வரை மட்டும் எடுத்து அகலத்தை 0.05ஆகக் குறையுங்கள். இரண்டு மியூவான்களின் ஈட்டா மதிப்பும் (கற்றையின் திசையிலிருந்து மியூவான் எவ்வளவு விலகிப் போகிறது என்று காட்டும் எண்) −1க்கும் 1க்கும் இடையில் இருப்பவற்றை மட்டும் வைத்தால் இன்னும் தெளிவாகப் பிரியும். கருவியின் நடுப்பகுதியில் உந்தத்தைத் துல்லியமாக அளக்க முடிகிறது.

இங்கே சற்று நின்று யோசிக்க வேண்டும். ஜே/சையின் இயல்பான அகலம், அதாவது துகளின் நிறையில் இயல்பாகவே உள்ள பரவல், 0.0001 ஜெவ்வைக்கூட எட்டாது. உங்கள் படத்தில் அது பல நூறு மடங்கு அகலமாக இருக்கும். அது துகளின் அகலம் அல்ல, கருவியின் அளவீட்டுத் தெளிவு. இசட் அப்படியல்ல, அதன் இயல்பான அகலமே சுமார் 2.5 ஜெவ், நீங்கள் பார்ப்பதில் பெரும்பகுதி அதனுடையதே. எந்த மேட்டைப் பார்த்தாலும் "இது துகளா, கருவியா?" என்று கேட்கப் பழகுங்கள்.

இப்போது ஒதுக்கி வைத்த ஒரே மின்சுமை ஜோடிகளை அதே பெட்டிகளில் வரையுங்கள். மேடுகள் காணாமல் போயிருக்கும். தற்செயலாகச் சேர்ந்த ஜோடிகள் எப்படிப் பரவுகின்றன என்பதற்கு அது ஒரு நல்ல மதிப்பீடு.

ஒன்று மட்டும் கவனம். இது கல்விக்காகத் தெரிந்தெடுத்த கோப்பு. மேட்டின் இடத்தை நம்பலாம், ஆனால் எண்ணிக்கையை வைத்து எந்தத் துகள் எவ்வளவு உற்பத்தியாகிறது என்று சொல்லக் கூடாது. அதற்கு மூலத்தரவும், எந்த மோதலைப் பதிவு செய்வது என்று தீர்மானிக்கும் ட்ரிக்கரின் விவரங்களும் வேண்டும். அவையும் அதே போர்ட்டலில் இருக்கின்றன.