கடலாதெனிய கல்வாசலைப் பார்த்து வரைவது எப்படி

கண்டிப் பக்கம் வளர்ந்தவர்களில் நிறையப் பேர் ஸ்கூல் ட்ரிப்பில் ஒரு தடவையாவது கடலாதெனிய விகாரைக்குப் போயிருப்போம், வரிசையாக உள்ளே போய்க் கும்பிட்டு, வெளியே வந்து ஒரு குரூப் படம் எடுத்துக்கொண்டு பக்கத்திலிருக்கும் லங்காதிலக விகாரைக்கு பஸ் ஏறியிருப்போம். அந்த வாசலில் இருக்கிற கல்வேலையைப் பார்க்க அது போதவே போதாது. ஒரு அரைநாள் ஒதுக்குங்கள், பென்சிலும் கோடில்லாத கொப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள். பிலிமத்தலாவையில் இறங்கினால் தவுலகலை வீதியில் கொஞ்ச தூரம்தான்.

முதலில் இதைத் தெரிந்துகொண்டு போங்கள். 1344இல், கம்பளையிலிருந்து ஆண்ட நான்காம் புவனேகபாகு காலத்தில் எழுந்த விகாரை இது; கட்டுவித்தவர் தர்மகீர்த்தி தேரர், கட்டியவர் கணேசுவராச்சாரி என்ற தென்னிந்தியச் சிற்பாசாரி. அதனால்தான் பன்சலை (பௌத்த விகாரை) வாசலில் நிற்கும்போதே சிவன் கோயில் மண்டபத்தில் நிற்கிற மாதிரி நமக்கு ஒரு நினைப்பு வருகிறது. முன்மண்டபத் தூண்களில் ஆடும் சிவனையும் கண்ணனையும் தேடிப் பாருங்கள், இருக்கிறார்கள். எனக்கு இந்த இடத்தின் மேல் இவ்வளவு பாசம் வந்ததே அந்தத் தூண்களால்தான்.

போனவுடன் வரையாதீர்கள். தள்ளி நின்று, படியிலிருந்து மேலே போகிற வரிசையில் கண்ணை நகர்த்துங்கள்: படியின் இரு பக்கமும் யானைத் துதிக்கையோடு இருக்கும் சிங்கம் (கஜசிம்மம்), அப்புறம் தூண்கள், அப்புறம் நிலைக்கால் (வாசலின் இரு பக்கமும் நிற்கும் கல்), கடைசியாக மேலே குறுக்கே கிடக்கும் உத்தரம். இந்த ஒழுங்கு மனதில் பதிந்துவிட்டால் வரையும்போது தடுமாற மாட்டீர்கள்.

உண்மையான வேலை வெளிச்சத்தில்தான் இருக்கிறது. நேரே முன்னாலிருந்து ஃபிளாஷ் அடித்தால் சிற்பம் தட்டையாகிவிடும், ஏனென்றால் பள்ளத்தில் விழ வேண்டிய நிழல் விழுவதில்லை. கூட வந்தவரிடம் டோர்ச்சைக் கொடுத்து, கல்லைத் தொடாமல், பக்கவாட்டில் சுவரோடு ஒட்டினாற்போல் பிடிக்கச் சொல்லுங்கள். ஒளி கல்லின் மேல் வழுக்கிக்கொண்டு போகும்போது, தேய்ந்துபோய்க் கண்ணுக்கே தெரியாமல் இருந்த விரலும் சலங்கையும் திடீரென்று எழும்பி வரும். இடப்பக்கமிருந்து ஒரு தடவை, வலப்பக்கமிருந்து ஒரு தடவை பாருங்கள், இரண்டிலும் வேறு வேறு கோடுகள் தெரியும். டோர்ச் இல்லாமல் பார்க்க வேண்டிய வெளிப்பக்கத்துக்குக் காலை வெயில் சாய்வாக விழும் நேரம்தான் நல்லது, உச்சி வெயிலில் ஒன்றும் பிடிபடாது.

வரையும்போது முதலில் வெறும் சட்டம் மட்டும். அகலத்துக்கு எத்தனை மடங்கு உயரம் என்று பென்சிலை நீட்டிப் பிடித்து அளந்து, நீள்சதுரத்தைப் போட்டு, அதற்குள் கட்டங்களைப் பிரியுங்கள். கொடிக்கருக்கு (கொடியும் இலையுமாக ஓடும் அலங்கார வேலை) வந்தால் இலையிலிருந்து தொடங்காதீர்கள், எல்லாரும் அங்கேதான் கோட்டை விடுகிறார்கள். தண்டு எங்கே கிளம்பி எந்தப் பக்கம் வளைகிறது என்று ஒரே கோடாக இழுத்துவிட்டு, இலையை அப்புறம் ஒட்டுங்கள். உருவம் என்றால் இடுப்பு வளைவு முதலில், முகம் கடைசியில். அழிந்துபோன இடத்தைக் கற்பனையால் நிரப்பாமல் வெறுமையாகவே விடுங்கள், தயவுசெய்து. உங்கள் கொப்பியை நாளைக்கு ஒருவர் நம்பிப் பார்க்கக்கூடும்.

படமும் எடுங்கள். எட்ட நின்று ஸூம் செய்து நேராக எடுத்தால் நிலைக்கால் சாய்ந்து தெரியாது. பக்கத்துத் தரையில் ஒரு அடிமட்டம் வைத்தால் அளவும் கிடைக்கும்.

சோக்குக்கட்டி, மாவு, எண்ணெய், தண்ணீர் எதையும் கல்லில் பூசாதீர்கள், பாசியைச் சுரண்டாதீர்கள், தாளை வைத்துத் தேய்த்துப் படி எடுக்காதீர்கள். பாதுகாக்கப்பட்ட தொல்பொருள் இடம், சேதப்படுத்தினால் சட்டப்படி குற்றம். செருப்பைக் கழற்றி, தோளும் முழங்காலும் மூடிய உடுப்போடு போங்கள். புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று படம் வேண்டாம்.

நேரம் மிஞ்சினால் லங்காதிலகவுக்கும் போங்கள், அதுவும் அதே 1344தான். அங்கே பாறையில் சிங்களத்தோடு தமிழிலும் கல்வெட்டு இருக்கிறது. வெயில் சாயும் நேரம் பார்த்துப் போய், ஒரே ஒரு வரியை எடுத்துக்கொண்டு, எழுத்து எழுத்தாகப் பார்த்து வரையுங்கள்.